சதையிச் சாறு கசியும்போது: ஒரு மெல்லிய குழாயால் எவ்வளவு தடுக்க முடியும்?

"ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுது, கட்டிய எடுத்தாச்சு எண்டுதான் சொன்னாங்க. பிறகு என்னத்துக்கு இந்த டியூப்?"

கொழும்புப் பக்கம் போய்ச் சதையியில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ திரும்பும் ஒருவரின் வீட்டில் அனேகமாக முதலில் எழும் கேள்வி இது. வயிற்றுத் தோலில் சிறு துளை, அதிலிருந்து வெளியே வரும் ஈர்க்குப் பருமன்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய், அதன் நுனியில் ஒரு பை. பையில் தண்ணீர்போலத் தெளிந்த திரவம். குழாய் ஏதோ தவறைச் சொல்கிறது என்று வீட்டார் பயப்படுவார்கள். அவசரமாக எங்கள் வைத்தியசாலை ஒன்றுக்கு ஓடிவந்தால், அன்றைக்கு வாட்டில் நிற்பவருக்கும் அந்தக் குழாய் பழக்கமில்லாமல் இருக்கலாம். இலங்கையில் இந்தச் சத்திரசிகிச்சை ஒரு சில இடங்களில்தான் தொடர்ச்சியாக நடக்கிறது.

அந்தக் குழாய் என்ன, எதற்காக வைக்கிறார்கள், உண்மையில் பலன் தருகிறதா என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம், குழாயை நம்பிக் கவனிப்பைக் கைவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

சதையி அல்லது கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் முன்னே குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்ரிமீற்றர், எடை நூறு கிராம் அளவில். சீனி வருத்தத்தோடு சேர்த்துத்தான் பலர் இதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இன்சுலின் இங்கேதான் சுரக்கிறது. ஆனால் உறுப்பின் மிகப் பெரும்பகுதி செய்யும் வேலை வேறு. நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர்வரை சமிபாட்டுச் சாற்றை அது சுரக்கிறது. அந்தச் சாறு நடுவே ஓடும் ஒரு கானின் வழியாகச் சிறுகுடலின் தொடக்கத்தில் போய் விழுகிறது. இந்தக் கானை 1642இல் இத்தாலியின் பாதுவா நகரில் கண்டறிந்தவர் விர்சுங். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

சாற்றில் இருப்பவை நொதியங்கள். மாப்பொருளை உடைக்க அமைலேஸ், கொழுப்பை உடைக்க லைப்பேஸ், புரதத்தை உடைக்க டிரிப்சின். நாம் தின்னும் இறைச்சியும் மீனும் புரதம்தான், நமது உடம்பும் புரதம்தான். அதனால் டிரிப்சின் சதையிக்குள் இருக்கும்வரை செயலற்ற வடிவில்தான் இருக்கிறது. குடலுக்குள் வந்து, குடற்சுவரில் உள்ள இன்னொரு நொதியத்தோடு சேர்ந்த பிறகே அது விழித்துக்கொள்கிறது. இந்த ஒழுங்கு குலையாதவரை பிரச்சினை இல்லை. சாறு வயிற்றறைக்குள் கசிந்து, அங்கே குடற்சாறும் பித்தமும் கிருமியும் கலந்துவிட்டால், விழித்த நொதியம் உணவுக்கும் உடம்புக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. தையலை, கொழுப்பை, இரத்தக் குழாயின் சுவரை என்று அகப்பட்டதையெல்லாம் அரிக்கிறது.

சத்திரசிகிச்சை வைத்தியர்கள் கசிவுக்கு அஞ்சுவது இதனால்தான். மேசையில் ஏற்படும் இரத்தப்போக்கு கண்முன்னே நடப்பது, கைவசம் வழி உண்டு. கசிவு அப்படி இல்லை. எல்லாம் நன்றாக முடிந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய ஐந்தாம் ஆறாம் நாளில் அது தலைகாட்டும்.

எந்த ஒப்பரேசனில் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது? சதையியின் தலைப்பகுதியில், அல்லது பித்தக்கான் குடலோடு சேரும் இடத்தில் கட்டி வந்தால் செய்யப்படும் விப்பிள் சத்திரசிகிச்சையில். இந்த இடத்துக் கட்டி பித்தக்கானை நெரிப்பதால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். நம் ஊரில் செங்கமாரி என்று சொல்லி மூலிகை வைத்தியத்தோடு சில கிழமைகளை இழந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அது வேறொரு கட்டுரைக்கான விடயம், ஆனாலும் இதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை: வலியில்லாத மஞ்சள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், கூடவே மலம் வெளிறி உடம்பில் கடியும் இருந்தால், ஸ்கேன் எடுக்காமல் ஒரு கிழமைகூட இருக்கக் கூடாது.

விப்பிளுக்கு முன்பே இதை முயன்றவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் கொதிவில்லா 1898இல், பெர்லினில் கௌஷ் 1909இல். நியூயோர்க்கைச் சேர்ந்த அலன் விப்பிள் 1935இல் தன் அனுபவத்தை எழுதிய பிறகே இந்த முறை உலகமெங்கும் பரவியது. அப்போதே பிரச்சினை கசிவுதான். விலங்குக் குடலிலிருந்து செய்த கட்கட் நூலைச் சதையிச் சாறு கரைத்துவிடுகிறது என்று கண்டு அவர் பட்டு நூலுக்கு மாறினார். ஆரம்பத்தில் வெட்டிய சதையியின் முனையைத் தைத்து மூடிவிட்டார்கள். பிறகு அதைச் சிறுகுடலோடு இணைக்கும் வழக்கம் வந்தது. நூலும் ஊசியும் கருவிகளும் எவ்வளவோ மாறிவிட்டன. கசிவு இன்னும் ஒழியவில்லை.

ஒப்பரேசனில் சதையியின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்கானின் கீழ்ப்பகுதி, சில வேளை இரைப்பையின் ஒரு துண்டு ஆகியவை எடுக்கப்படுகின்றன. பிறகு மூன்று இணைப்புகள் போட வேண்டும்: பித்தக்கானைக் குடலோடு, இரைப்பையைக் குடலோடு, மிஞ்சிய சதையியைக் குடலோடு. முதல் இரண்டும் பொதுவாகச் சொன்னபடி கேட்கும். மூன்றாவதுதான் சோதனை.

இங்கே கேட்பவர்களை ஆச்சரியப்படுத்தும் விடயம் ஒன்று இருக்கிறது. சதையி எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கசியும் ஆபத்து அதிகம். நீண்ட காலம் அடைப்பு இருந்த சதையி இறுகி, நாரேறி, கான் அகன்று போயிருக்கும். அதில் ஊசி போட்டால் நூல் பிடிக்கும், அகன்ற கானைக் குடலோடு துல்லியமாகப் பொருத்தலாம். சாறும் குறைவாகவே சுரக்கும். நோய் தொடாத சதையியோ மென்மையானது. நூலை இறுக்கினால் அறுத்துக்கொண்டு வரும், இறுக்காவிட்டால் இடைவெளி நிற்கும். அதன் கான் 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான். சாறும் முழு வேகத்தில் வரும். ஆகவே சதையியிலேயே வளர்ந்த புற்றுநோய்க்காக விப்பிள் செய்தவரைவிட, பித்தக்கான் வாயிலில் சிறிய கட்டியோடு வந்தவருக்கு, நோயளவில் அவர் நல்ல நிலையில் இருந்தாலும், கசிவு அபாயம் கூட. இந்த ஆபத்தை முன்கூட்டியே கணக்கிட 2013இல் பத்துப் புள்ளி அளவுகோல் ஒன்று வந்தது. அது பார்ப்பது நான்கே விடயங்களை: சதையி மென்மையா, கான் எத்தனை மில்லிமீற்றர், நோய் என்ன, ஒப்பரேசனில் எவ்வளவு இரத்தம் போனது.

ஸ்டென்ட் வருவது இந்த இடத்தில்.

ஸ்டென்ட் என்றதும் இருதயக் குழாயில் வைக்கும் கம்பிவலை பலருக்கு நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இது வெறும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், பக்கங்களில் சிறு துளைகளோடு. பருமனைப் பிரெஞ்ச் என்ற அளவால் சொல்வார்கள். 3 பிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீற்றர். வழக்கமாக வைக்கப்படும் 5 பிரெஞ்ச் குழாயின் விட்டம் 1.7 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. அதன் ஒரு முனையைச் சதையிக் கானுக்குள் செலுத்தி, கரையும் நூலால் ஒரு தையலில் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிக் கானையும் குடலையும் இணைக்கிறார்கள். தைக்கும்போது அது வழிகாட்டியாகவும் இருக்கிறது: கானின் வாயை விரித்துப் பிடிக்கிறது, தவறுதலாக முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடாமல் காக்கிறது.

மறு முனை எங்கே போகிறது என்பதில்தான் இரண்டு வகை. உள் ஸ்டென்டில் குழாய் சில சென்ரிமீற்றர் நீளமே இருக்கும். மறுமுனை குடலுக்குள் விடப்படும், சாறு குடலிலேயே விழும். தையல் கரைந்ததும் குழாய் தானாக நழுவி மலத்தோடு போய்விடும் என்பது எதிர்பார்ப்பு. வெளி ஸ்டென்டில் குழாய் நீளமானது. குடலுக்குள்ளால் ஓடி, குடற்சுவரைத் துளைத்து, வயிற்றுத் தோல் வழியாக வெளியே வந்து பையில் முடியும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன குழாய் இந்த வெளி ஸ்டென்ட்தான்.

அம்பாறைப் பக்கம் வயல் செய்பவர்களுக்கு வெளி ஸ்டென்டின் நோக்கத்தை விளங்கப்படுத்துவது எளிது. வாய்க்கால் கட்டு உடைத்துக்கொண்டால், தண்ணீர் பாயப் பாய மண்போட்டு அடைத்துப் பலனில்லை. வயல் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையிடம் சொல்லி மேலே தண்ணீரைத் திருப்பிவிட்டு, போட்ட மண் இறுகும்வரை கட்டை உலர விட வேண்டும். வெளி ஸ்டென்ட் செய்வது அந்தத் திருப்பிவிடும் வேலையை. இணைப்பை அது ஒட்டுவதில்லை, அடைப்பதுமில்லை. தையல் ஆறும் கிழமைகளில் சாற்றை இணைப்பின் மேல் படாமல் அப்புறப்படுத்துகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: சாறு குடலைத் தொடாமலே வெளியேறுவதால் நொதியம் விழிப்பதில்லை. இணைப்பில் சிறிது கசிந்தாலும் அரிக்கும் வலு குறைவாக இருக்கும்.

சரி, கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில்?

ஹொங்கொங்கில் 120 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. வெளி ஸ்டென்ட் வைத்தவர்களில் கசிவு 6.7 வீதம், வைக்காதவர்களில் 20 வீதம். பிரான்ஸில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து, ஆபத்து அதிகமான மென்மையான சதையியும் ஒடுங்கிய கானும் உள்ள 158 பேரை மட்டும் எடுத்து ஆராய்ந்தன. 2011இல் வந்த முடிவு 26 வீதத்துக்கு எதிராக 42 வீதம். ஜப்பானில் 93 பேரோடு நடந்த ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் அளவிலான கசிவு ஸ்டென்ட் வைத்தவர்களில் 6 வீதம், மற்றவர்களில் 22 வீதம். அது 2012இல் வெளியானது. மூன்று நாடுகள், மூன்று குழுக்கள், ஒரே திசை.

உள் ஸ்டென்டின் கதை வேறு. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இருநூறுக்கு மேற்பட்டவர்களிடம், குழந்தைகளுக்குப் பாலூட்டும் குழாயில் 6 சென்ரிமீற்றர் துண்டை வெட்டி உள் ஸ்டென்டாக வைத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவில் பயன் தெரியவில்லை. மென்மையான சதையி உள்ளவர்களில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 21.1 வீதம், வைக்காதவர்களுக்கு 10.7 வீதம் கசிவு. புள்ளிவிபரக் கணக்கில் தற்செயல் என்று தள்ளக்கூடிய வித்தியாசம்தான், ஆனால் குழாய் காப்பாற்றுகிறது என்று சொல்ல அதில் இடமில்லை. யோசித்தால் காரணம் புரியும். உள் ஸ்டென்ட் சாற்றை இணைப்பைத் தாண்டிச் சற்றுத் தள்ளி விடுகிறதே தவிர, குடலுக்குள்தான் விடுகிறது. அங்கே நொதியம் விழிக்கிறது, பித்தத்தோடு கலக்கிறது, குடல் அசைவில் திரும்பவும் இணைப்பை வந்து நனைக்கிறது. குழாய் முன்னதாகவே நழுவிப் போவதும் உண்டு. போக வேண்டிய காலத்தில் போகாமல் உள்ளே தங்கி, பிற்காலத்தில் கானை அடைப்பதும் உண்டு.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2016இல் மிகக் கவனமாகவே பேசியது. ஆயிரம் பேர்வரைதான் மொத்தத்தில் ஆராயப்பட்டிருக்கிறார்கள், ஆய்வுகளின் தரம் உயர்வானதல்ல, உள் ஸ்டென்டா வெளி ஸ்டென்டா என்ற கேள்விக்கும் அறுதியான பதில் இல்லை என்பதே அதன் சாரம். நான் இந்த முடிவுகளைப் படித்து எடுத்துக்கொள்ளும் கருத்து இது: எல்லாருக்கும் ஸ்டென்ட் என்ற வழக்கத்துக்கு ஆதாரம் போதாது. மென்மையான சதையி, 3 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவான கான் என்ற நிலையில் வெளி ஸ்டென்ட் வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. இறுகிய சதையி, அகன்ற கான் உள்ளவருக்கு வைக்கவில்லையே என்று வீட்டார் மனம் நோகத் தேவையில்லை. அங்கே தையலே போதுமானது.

ஒரு குறுக்குக் குறிப்பு. சதையியின் வால்பகுதியை மட்டும் எடுக்கும் ஒப்பரேசனிலும் கசிவு வரும், விப்பிளைவிட அதிகமாகவே வரும். ஆனால் அங்கே குடலோடு இணைப்பு இல்லாததால் பொதுவாகக் குறைந்த ஆபத்து. கானின் வாயிலில் ஒரு தசைவளையம் இருக்கிறது, அது இறுகும்போது அழுத்தம் கூடி வெட்டுமுனையால் சாறு கசிகிறது, ஆகவே முன்கூட்டியே எண்டொஸ்கோப்பி மூலம் வாயிலில் ஸ்டென்ட் வைத்தால் அழுத்தம் இறங்கும் என்று நினைத்தார்கள். சுவீடனில் செய்து பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. கசிவு குறையவில்லை. வந்த கசிவை ஆற்றுவதற்கு அந்த ஸ்டென்ட் இன்றும் பயன்படுகிறது, தடுப்பதற்கு அது ஏற்றதாகத் தெரியவில்லை.

சுரப்பையே குறைக்கும் ஊசி மருந்துகளும் உண்டு. 2014இல் அமெரிக்காவில் 300 பேரிடம் பாசிரியோடைட் என்ற ஊசி கசிவையும் அதன் விளைவுகளையும் 21 வீதத்திலிருந்து 9 வீதமாகக் குறைத்தது. விலை அதிகம், எங்கும் கிடைப்பதுமில்லை. நம் அரச வைத்தியசாலைகளை வைத்துப் பார்த்தால் குழாய்தான் கைக்கெட்டும் பொருள்.

கசிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ஸ்டென்ட் தவிர, இணைப்பின் அருகே வயிற்றறைக்குள் வேறு ஒரு வடிகுழாயும் வைத்திருப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டென்ட் குழாயில் வரும் தெளிந்த சாறு வரவேண்டிய சாறு. அது வருவது நல்லது. வடிகுழாயில் முதல் நாள் இரத்தம் கலந்த சிவப்பும், பிறகு வைக்கோல் நிற மஞ்சளும் வரும். அது சாம்பல் நிறமாக, கலங்கி, அல்லது பச்சையும் கபிலமும் கலந்து வரத் தொடங்கினால் சந்தேகம். அந்தத் திரவத்தில் அமைலேஸ் பார்ப்பார்கள். சர்வதேச வரையறையின்படி, மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ வடிகுழாய்த் திரவத்தின் அமைலேஸ் அளவு இரத்தத்தில் இருக்கக்கூடிய உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் போனால் கசிவு. 2005இல் வந்த இந்த வரையறை 2016இல் திருத்தப்பட்டது. எண் மட்டும் கூடி, ஆளுக்கு ஒன்றுமில்லையென்றால் அதை இப்போது கசிவுநோயாகக் கணக்கெடுப்பதில்லை. மருந்தோ மேலதிக வடிகுழாயோ தேவைப்பட்டால் பி தரம். மறு ஒப்பரேசன், உறுப்புச் செயலிழப்பு, மரணம் என்று போனால் சி தரம்.

எனக்கு இந்த விடயத்தில் மிகப் பெரியதாகப் படுவது குழாய் பற்றிய எந்த ஆய்வுமல்ல, 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வு. அந்த நாட்டின் 17 நிலையங்களில் 1,748 பேர். அங்கே புதிய கருவியோ மருந்தோ எதையும் கொண்டுவரவில்லை. ஒப்பரேசனுக்குப் பின் மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள்வரை ஒவ்வொரு நாளும் காய்ச்சல், வெண்குருதிக் கலம், அழற்சி அளவு, வடிகுழாய்த் திரவம் ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் பார்த்து, எந்த எண் தாண்டினால் சி.ரி. ஸ்கேன், எந்தப் படத்துக்கு ஊசிவழி வடிகால், எப்போது அன்டிபயோட்டிக் என்று முன்கூட்டியே எழுதி வைத்து அதன்படி நடந்தார்கள். பெரும் இரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த வீதம் 14இலிருந்து 8ஆக இறங்கியது. மரணம் மட்டும் 5இலிருந்து 3ஆக. கசிவைத் தடுக்கும் முயற்சிகளில் நூறு வருடம் போயிருக்கிறது. கசிந்த பிறகு ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடிப்பதால் இவ்வளவு உயிர் மிஞ்சுகிறது.

தூர இடத்துக்குப் போவதற்கான நியாயமும் இதில்தான் இருக்கிறது. "இங்கேயே செய்ய ஏலாதா?" என்று கேட்காத குடும்பமில்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலோ பஸ்ஸோ எடுத்துப் போய், தங்க இடம் தேடி, கூட நிற்பவர் வேலையை விட்டு என்று அந்தச் சுமை சிறியதல்ல. ஆனால் 2002இல் வந்த அமெரிக்கக் கணக்கு ஒன்று இன்றும் வைத்தியர்கள் நினைவில் வைத்திருப்பது. சதையி ஒப்பரேசன் மிக அரிதாகச் செய்யும் வைத்தியசாலைகளில் இறப்பு 16.3 வீதம், அதிகம் செய்யும் இடங்களில் 3.8 வீதம். கைப்பழக்கம் மட்டும் காரணமல்ல. கசிவைப் பார்த்த கண்ணுள்ள தாதியர், நள்ளிரவிலும் படமெடுத்து ஊசிவழி வடிக்கத் தெரிந்தவர், இரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைக்கத் தெரிந்தவர் என்ற கூட்டம் முழுவதும் தேவைப்படுகிறது. றாகமை போன்ற இடங்களில் ஈரல், சதையிக்கென்றே தனிப் பிரிவு இருப்பதன் பெறுமதி அதுதான்.

ஆனால் நோயாளி அங்கேயே இருந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று கிழமையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், வெளி ஸ்டென்ட் அனேகமாக நான்கு முதல் ஆறு கிழமைவரை இருக்கும். அந்த இடைவெளி முழுவதும் கிழக்கில்தான் கழிகிறது. கவனிப்பில் பள்ளம் விழுவது இங்கேதான் என்பது என் கவலை.

வீட்டில் குழாயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு தையலும் பிளாஸ்டரும். வியர்வை பிளாஸ்டரை எவ்வளவு விரைவில் கிளப்பிவிடும் என்பது கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். ஓரம் எழும்பியதும் மாற்ற வேண்டும், விழும்வரை பார்த்திருக்கக் கூடாது. மாற்றும்போது குழாய் தோலைத் தொடும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், குழாய் வெளியே நகர்ந்திருக்கிறதா என்று தினமும் பார்த்தவுடன் தெரியும். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வைக்க வேண்டும். படுக்கும்போது குழாய் மடிந்து கிடந்தால் சாறு தேங்கி, எந்த இணைப்பைக் காப்பாற்ற வைத்தார்களோ அதற்கே பின்னழுத்தம் கொடுக்கும். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பதை, குழாய் எடுக்கும்வரை, ஈரத்துணியால் துடைப்பதாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு கொப்பியில் திகதி, எத்தனை மில்லிலீற்றர், என்ன நிறம் என்று எழுதுவது சின்ன வேலைதான். கிளினிக்கில் அந்தக் கொப்பி பல கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடும். நேற்றுவரை 200 வந்தது, இன்று திடீரென்று 10 என்றால், அது சாறு வற்றியதாக இருக்காது. குழாய் அடைத்திருக்கலாம், அல்லது நகர்ந்திருக்கலாம்.

வெளியேறும் சாற்றோடு தண்ணீரும் உப்பும் காரமும் போகின்றன. அதை ஈடுசெய்யக் குடிக்க வேண்டும். நோன்பு காலத்திலோ விரத காலத்திலோ குழாய் இருந்தால், நோன்பு பிடிப்பது பற்றி முதலில் வைத்தியரிடம் பேசுங்கள். மிஞ்சிய சதையி போதாமல் எண்ணெய் படிந்த மலம் போகிறவர்களுக்கு உணவோடு நொதிய மாத்திரை கொடுப்பார்கள். அது பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுவது. முஸ்லிம் குடும்பங்களுக்கு இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது வைத்தியரின் கடமை என்று நினைக்கிறேன். பிறகு யாரோ சொல்லித் தெரிந்து சொல்லாமல் நிறுத்திவிட்டு, உடம்பு மெலிந்து வருகிறவருக்கு அது அநியாயம். மாற்று மருந்து இல்லாத சூழ்நிலை பற்றி மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிய நேரம் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது இரத்தம். கசிந்த சாறு ஒரு நாடியை அரிக்கத் தொடங்கினால், பெரும் இரத்தப்போக்குக்குச் சில மணித்தியாலங்களோ ஒரு நாளோ முன்னதாகச் சிறிது இரத்தம் காட்டும் வழக்கம் உண்டு. வடிகுழாயில் கொஞ்சம் சிவப்பு, வாந்தியில் ஒரு சிறங்கை, அல்லது தாரைப்போலக் கறுத்த மலம். தானாக நின்றுவிடும், ஆளும் தெளிவாக இருப்பார். "நிண்டுட்டுதானே, நாளைக்குக் கிளினிக்தானே" என்று விட்டுவிடுவதும், கொழும்புக்கே கொண்டுபோவோம் என்று இரவு பஸ்ஸில் ஏற்றுவதும் ஒரே அளவு ஆபத்தானவை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை என்று அருகிலுள்ள பெரிய இடத்துக்குப் போக வேண்டும். அங்கே இரத்தம் ஏற்றி, படமெடுத்து, ஒப்பரேசன் செய்த பிரிவோடு பேசி அனுப்புவார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், கூடிக்கொண்டு போகும் வயிற்று வலி, துளையைச் சுற்றிச் சிவந்து எரிவது, வாந்தி நிற்காமல் போவது ஆகியவற்றுக்கும் இதுதான் வழி.

அதற்கு ஒரு தாள் தேவை. வீட்டுக்கு விடும் நாளில், என்ன ஒப்பரேசன், சதையி மென்மையா, உள்ளே இருப்பது எந்த வகை ஸ்டென்ட், எத்தனை பிரெஞ்ச், எப்போது எடுக்க வேண்டும், வடிகுழாயின் கடைசி அமைலேஸ் எவ்வளவு, அவசரத்துக்கு எந்த வாட்டின் தொலைபேசி இலக்கம் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். டிஸ்சார்ஜ் அட்டையில் இவை எல்லாம் இருப்பதில்லை. கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். உள் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது இன்னும் தேவை, ஏனென்றால் வெளியே எந்த அடையாளமும் இல்லை. ஒரு வருடம் கழித்து வயிற்று வலியோடு வரும்போது, எக்ஸ்ரேயில் தெரியும் அந்தச் சிறு கோடு என்ன என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

குழாய் தானாகக் கழன்று வந்துவிட்டால் திரும்பத் தள்ளக் கூடாது. துளையைச் சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயை எறியாமல் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, அந்தத் தாளோடு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். நான்காம் கிழமைக்குப் பிறகு கழன்றால் பெரும்பாலும் இணைப்பு ஆறியிருக்கும், பார்த்து அனுப்பிவிடலாம். முதல் இரண்டு கிழமைக்குள் என்றால் ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். முறைப்படி எடுக்கும் நாளில் பெரிய ஆயத்தம் எதுவும் கிடையாது: உள்ளே பிடித்திருந்த நூல் அதற்குள் கரைந்திருக்கும், தோலில் உள்ள தையலை வெட்டிவிட்டு மெதுவாக இழுத்தால் குழாய் வந்துவிடும். துளை சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். அதற்கிடையில் துளையால் தெளிந்த திரவம் தொடர்ந்து வந்து பஞ்சை நனைத்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் காட்டுங்கள்.